பில் கோர்: ஒரே பாலிமரைப் பிடித்துக்கொண்டு நின்ற கெமிக்கல் இன்ஜினியர்

கோர்டெக்ஸ் மழைத்துணியால் பெயர்பெற்ற டபிள்யூ. எல். கோர் நிறுவனத்தைத் தொடங்கியவர் பில் கோர். ஆனால் டெஃப்லானைக் கண்டுபிடித்தவர் அவர் இல்லை. அந்தப் பெருமை ராய் பிளங்கெட்டுக்கு உரியது. 1938 ஏப்ரல் 6 அன்று நியூஜெர்சி மாநிலம் டீப்வாட்டரில் இருந்த டூபான்ட் ஆய்வகத்தில், டெட்ராஃபுளூரோஎத்திலீன் நிரப்பிய சிலிண்டரின் வால்வைத் திறந்தார்கள். வாயு வரவில்லை, ஆனால் சிலிண்டரின் எடை குறையவும் இல்லை. அறுத்துப் பார்த்ததில் உள்ளே வெள்ளைப் பொடி இருந்தது. வாயுவின் சிறு மூலக்கூறுகள் தானாகவே நீண்ட சங்கிலிகளாகக் கோத்துக்கொண்டு பாலிமர் ஆகியிருந்தன. அதுதான் பாலிடெட்ராஃபுளூரோஎத்திலீன், சுருக்கமாக பிடிஎஃப்இ; டெஃப்லான் என்பது அதன் வணிகப் பெயர்.

அது நடந்து ஏறத்தாழ இருபது வருடம் கழித்துத்தான் பில் கோர் தன் நிறுவனத்தைத் தொடங்குகிறார். இருந்தாலும், ஒரு கெமிக்கல் இன்ஜினியர் எப்படி நிறுவனர் ஆகிறார் என்று யாராவது கேட்டால் நான் முதலில் காட்டுவது இவரைத்தான். புது மூலக்கூறு எதையும் அவர் உருவாக்கவில்லை. ஏற்கெனவே விற்பனைக்கு வந்துவிட்ட ஒரு மூலப்பொருள், அதை வாங்கியும் உருப்படியாகப் பயன்படுத்த முடியாதவர்கள், இந்த இரண்டுக்கும் நடுவில் இருந்த இடைவெளி அவர் கண்ணில் பட்டது. அந்த இடைவெளி முழுக்க முழுக்க ப்ராசஸ் இன்ஜினியரிங், அதாவது மூலப்பொருளைச் சாமானாக மாற்றும் செய்முறையை வகுக்கும் வேலை.

வில்பர்ட் லீ கோர் 1912-ல் ஐடஹோ மாநிலத்தின் மெரிடியனில் பிறந்தவர். யூட்டா பல்கலைக்கழகத்தில் 1933-ல் கெமிக்கல் இன்ஜினியரிங் பட்டம், 1935-ல் இயற்பிய வேதியியலில் முதுகலை. பின்னாளில் அவர் கைக்கு வந்த சிக்கல்கள் எல்லாமே பரப்பு, படிகம், உருகுநிலை சம்பந்தப்பட்டவை என்பதால் அந்த இரண்டாவது பட்டத்துக்கு நிறையவே மதிப்பு உண்டு. உலோகச் சுத்திகரிப்பு செய்த அமெரிக்கன் ஸ்மெல்ட்டிங், அடுத்து ரெமிங்டன் ஆர்ம்ஸ், 1945-லிருந்து டூபான்ட் என்று வேலை போனது. டூபான்ட்டில் பிடிஎஃப்இ-க்குப் புதுப் பயன்களைத் தேடும் சிறு குழுவில் இருந்தார்.

குணங்களை மட்டும் பார்த்தால் பிடிஎஃப்இ ஒயர் காப்புக்கென்றே செய்தது. டைஎலக்ட்ரிக் மாறிலி (காப்புப் பொருள் மின்புலத்தைத் தன்னுள் எவ்வளவு தேக்கும் என்ற அளவு; குறைவாக இருந்தால் நல்லது) 2.1, அதிர்வெண் மாறினாலும் பெரிதாக அசையாது. 260 டிகிரி செல்சியஸ் வரை தொடர்ந்து தாங்கும். வழக்கமான அமிலம், காரம், கரைப்பான் எதுவும் அதை ஒன்றும் செய்யாது. தடை ஒன்றே ஒன்றுதான்: மற்ற பிளாஸ்டிக்கைப் போல உருக்கி ஓட விட முடியாது. ஒருமுறை உருகி ஆறிய பிடிஎஃப்இ 327 டிகிரியில் மறுபடி உருகும், ஆனால் ஓடாது. 380 டிகிரியில்கூட அதன் பாகுத்தன்மை ஆயிரம் கோடி பாஸ்கல்-விநாடி அளவில் நிற்கும். பாலிஎத்திலீன் போன்றவை ஆயிரக்கணக்கில் இருக்கும்போதே, பிளாஸ்டிக்கை உருக்கி அச்சுத் துளை வழியே தள்ளும் எக்ஸ்ட்ரூடரின் மோட்டார் திணறும். ஆக, வழக்கமான ஸ்க்ரூ எக்ஸ்ட்ரூடருக்கு இங்கே வேலையே இல்லை.

அதற்கு மாற்றாக வந்ததுதான் பேஸ்ட் எக்ஸ்ட்ரூஷன். பிடிஎஃப்இ மெல்லிய பொடியுடன் நாஃப்தா அல்லது ஐசோபாரஃபின் மாதிரி ஒரு ஹைட்ரோகார்பன் எண்ணெயை, மொத்த எடையில் சுமார் 16 முதல் 20 சதவீதம் வரும்படி சேர்க்கிறார்கள். மூடிய ஜாடியில் பாதிக்குக் கொஞ்சம் மேலே நிரப்பி, உருளைகள் மேல் வைத்து 20, 30 நிமிடம் மெதுவாகச் சுழற்ற வேண்டும். பிறகு எண்ணெய் ஒவ்வொரு துகளுக்குள்ளும் ஊற ஒரு ராத்திரி விட வேண்டும். ஊறியதை உருளை அச்சில் 10 முதல் 20 பார் அழுத்தத்தில் கட்டியாக்கி, உலக்கை போல அழுத்தும் ராம் எக்ஸ்ட்ரூடரில் வைத்து டை என்ற அச்சுத் துளை வழியே தள்ளுகிறார்கள். வெளியே வரும் பட்டையோ குழாயோ முதலில் எண்ணெய் ஆவியாகும் அடுப்புக்குப் போகும், அடுத்து 360–380 டிகிரியில் சின்டரிங், அதாவது துகள்கள் உருகி ஒன்றாக இணையும்படி சூடாக்குவது.

எழுதும்போது எளிதாகத்தான் தெரிகிறது. ஆனால் இந்தப் பொடியைப் பாழாக்க எக்ஸ்ட்ரூடர் வரைக்கும் போகவே தேவையில்லை, டிரம்மைத் திறக்கும்போதே ஆகிவிடும். 19 டிகிரியில் பிடிஎஃப்இ-யின் படிக அமைப்பு மாறுகிறது. அதற்கு மேலான வெப்பநிலையில் துகள்கள் மென்மையாகிவிடும்; ஒன்றோடொன்று உரசினாலே நுண்ணிழை பிரியும். கோடையில் லாரியில் குலுங்கி வந்த டிரம்மை அப்படியே திறந்து இரும்புக் கரண்டியால் அள்ளினால், கட்டிகள் நசுங்கி, இழை பின்னிய உருண்டைகளாகிவிடும். அந்த உருண்டைக்குள் எண்ணெய் ஊறாது, டையில் பரவாது. முடிவில் ஒயரின் மேல் கோடாகவோ முடிச்சாகவோ வந்து, மின்னழுத்தச் சோதனையில் அந்த இடத்தில்தான் பொறி பறக்கும். அதனால்தான் டிரம்மை முந்தின நாளே 19 டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, அள்ளியதைச் சல்லடையில் போட்டுக் கை வைத்துத் தேய்க்காமல், ஆட்டி மட்டும் சலிக்கிறார்கள்.

எண்ணெய் குறைந்தால் ராமில் அழுத்தம் எகிறி, பட்டை கரடுமுரடாகிக் கிழியும். கூடினால் துகள்கள் ஒன்றையொன்று பிடிக்காமல் பட்டை வலுவிழக்கும். கட்டி அழுத்தும்போது அவசரப்பட்டால் உள்ளே காற்று அடைபட்டுக் கொப்புளம். உலர்த்தும் அடுப்பில் சூட்டை வேகமாக ஏற்றினால் எண்ணெய் உள்ளேயே கொதித்து வெடிப்பு விடும். கொஞ்சம் மிச்சம் வைத்துச் சின்டரிங்குக்கு அனுப்பினால் கருகிக் கறுக்கும். ஆவியாகும் அந்த எண்ணெய் தீப்பற்றக்கூடியது என்பதால் காற்றுப்போக்கி சரியாக ஓடாத அடுப்பு ஆபத்தானது. 400 டிகிரியைத் தாண்டினால் பாலிமரே சிதைந்து நச்சு வாயு விடத் தொடங்கும். இந்தத் தொழிலில் புகைபிடிக்கத் தடை இருப்பதற்குத் தீ மட்டும் காரணம் இல்லை. விரலில் ஒட்டிய பொடி சிகரெட்டில் ஏறி எரிந்தால் பாலிமர் புகைக் காய்ச்சல் வரும்; குளிர், இருமல், உடம்பு வலி என்று ஃப்ளூ மாதிரியே இருக்கும்.

ஒயரிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெறும் செம்புக் கம்பியைச் சின்டரிங் சூட்டில் விட்டால் ஆக்சிஜன் பிடித்துக் கறுத்துவிடும். வழக்கம்போல வெள்ளீயம் பூசினால் என்ன என்று தோன்றும். ஆனால் அது 232 டிகிரியிலேயே உருகிவிடும். அதனால்தான் பிடிஎஃப்இ ஒயர்களில் வெள்ளிப் பூச்சுச் செம்பு. 200 டிகிரிக்கு மேல் தொடர்ந்து வேலை செய்யவேண்டிய இடத்தில் நிக்கல் பூச்சு.

1957-ல் பில் கோர் வீட்டு நிலவறையில் முயன்றது இன்னும் ஒரு படி சிரமமானது. பல கம்பிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வரிசையாக வைத்து, பிடிஎஃப்இ காப்போடு ஒரு தட்டையான ரிப்பன் கேபிள் செய்யப் பார்த்தார். கணினித் துறைக்கு அது தேவைப்படும் என்பது அவர் கணக்கு. பொடியைக் கம்பி மேல் பிடிக்கவைக்க எத்தனையோ வழி பார்த்தும் நடக்கவில்லை. அப்போது டெலவேர் பல்கலைக்கழகத்தில் கெமிக்கல் இன்ஜினியரிங் படித்துக்கொண்டிருந்த மகன் பாப், அங்கே கிடந்த, குழாய் மரையில் சுற்றும் த்ரீ எம் நிறுவனத்தின் பிடிஎஃப்இ டேப்பைக் காட்டி, இரண்டு டேப்புக்கு நடுவே கம்பியை வைத்தால் என்ன என்று கேட்டிருக்கிறார். பிடிஎஃப்இ-யோடு பிடிஎஃப்இ ஒட்டாது என்பது அன்று எல்லோருக்கும் தெரிந்த ‘உண்மை’. பாப் தூங்கப் போய்விட்டார். விடிவதற்குள் பில் ஒரு கேபிள் துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு மகனை எழுப்பினார்.

ஏன் ஒட்டியது என்பதுதான் இதில் கற்கவேண்டிய இடம். அந்த டேப் சின்டரிங் ஆகாதது. அதன் துகள்கள் இன்னும் முதல் உருக்கத்தைப் பார்க்கவில்லை. முதல்முறை உருகும் வெப்பநிலையும் சற்று அதிகம், 340 டிகிரியைத் தாண்டும். இரண்டு டேப்பை அழுத்தி அந்தச் சூட்டுக்கு மேலே கொண்டுபோனால் இடைமுகத்தின் இரு பக்கத்துத் துகள்களும் ஒன்றாக இணைந்துவிடும். ஏற்கெனவே சின்டரிங் ஆன இரண்டு தகட்டை எடுத்தால் அதே எளிதில் அது நடக்காது. ‘ஒட்டாது’ என்ற பொதுவிதி தயாரித்து முடித்த பொருளுக்கானது. பாதி வழியில் நிற்கும் பொருளுக்கு அது பொருந்தவில்லை. பொருள் இப்போது எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று பார்க்கும் கண்தான் ஒரு ப்ராசஸ் இன்ஜினியருக்கு உண்மையான சொத்து என்று நான் நினைக்கிறேன்.

கேபிளை டூபான்ட்டே தயாரிக்கட்டும் என்று பில் மாதக்கணக்கில் பேசிப் பார்த்தார். மூலப்பொருள் விற்பதுதான் எங்கள் வேலை, அதை வைத்துச் சாமான் செய்வது இல்லை என்று நிறுவனம் இருந்துவிட்டது. அவருக்கு அப்போது வயது 45, ஐந்து பிள்ளைகள். வீட்டை அடமானம் வைத்து, சேமிப்பிலிருந்து 4,000 டாலரையும் எடுத்து, 1958 ஜனவரி 1 அன்று, தன் 23-வது திருமண நாளில், மனைவி ஜெனிவீவுடன் டெலவேர் மாநிலம் நியூவார்க்கில் வீட்டு நிலவறையிலேயே டபிள்யூ. எல். கோர் அண்ட் அசோசியேட்ஸைத் தொடங்கினார். ஆரம்ப கால ஊழியர்களில் சிலர் சம்பளத்துக்குப் பதில் தங்குமிடமும் சாப்பாடும் பெற்றுக்கொண்டு அந்த வீட்டிலேயே இருந்தார்கள்.

டென்வர் நகரத் தண்ணீர்த் துறையிலிருந்து வந்த போன் அழைப்பு கோர் நிறுவனத்தைப் பற்றிய எல்லாக் கட்டுரைகளிலும் வரும். ரிப்பன் கேபிளைப் பற்றி விசாரித்தவர் முதலில் தயாரிப்பு மேலாளரைக் கேட்டார், அடுத்து விற்பனை மேலாளரை, கடைசியில் தலைவரை. மூவரும் வெளியே போயிருப்பதாகச் சொன்னார் போனை எடுத்த ஜெனிவீவ். மூவரும் பில்தான். போன் வந்தபோது ஜெனிவீவ் கீழே பிடிஎஃப்இ பொடியைச் சலித்துக்கொண்டிருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. நிறுவனரின் மனைவி ஒத்தாசைக்குச் செய்த சில்லறை வேலை இல்லை அது. மேலே சொன்ன கட்டி, உருண்டை, பொறி எல்லாவற்றையும் வாசலிலேயே தடுக்கும் தரக் கட்டுப்பாடு அந்தச் சல்லடையில்தான் இருக்கிறது. அந்த அழைப்பு சுமார் 1 லட்சம் டாலர் ஆர்டராக முடிந்தது. அதற்குப் பிறகுதான் நிலவறையை விட்டு வெளியே வந்து ஆலை கட்டினார்கள்.

நிர்வாகப் படிப்புகளில் பில் கோர் பெயர் அடிபடுவது அவர் அமைத்த ‘லாட்டிஸ்’ (பின்னல் வலை) முறைக்காக. மேலாளர், உதவி மேலாளர் என்ற அடுக்கு கிடையாது, எல்லோரும் அசோசியேட். யாரும் யாரோடும் நேரடியாகப் பேசலாம், புதிதாக வருபவருக்கு ஒரு ஸ்பான்சர் உண்டு. ஒரு ஆலையில் 150, 200 பேரைத் தாண்டினால் புது ஆலை தொடங்கிவிடுவார். ஆள் கூடக்கூட ‘நாம் முடிவு செய்தோம்’ என்று பேசியவர்கள் ‘அவர்கள் முடிவு செய்தார்கள்’ என்று பேசத் தொடங்குவதை அவர் கவனித்திருந்தார். வாகன நிறுத்தத்தில் இடம் போதாமல் புல்தரையில் கார் நிற்க ஆரம்பித்தால் அடுத்த ஆலைக்கு நேரம் வந்துவிட்டது என்பது அவர் அளவுகோல்.

அந்த விதிகளில் எனக்குப் பிடித்தது ‘வாட்டர்லைன்’. கப்பலின் நீர்மட்டத்துக்கு மேலே ஓட்டை போட்டால் கப்பல் மூழ்காது. கீழே போட்டால் மூழ்கும். நீர்மட்டத்துக்கு மேலான பரிசோதனையை யாரும் யாரையும் கேட்காமல் செய்யலாம், கீழே என்றால் மற்றவர்களோடு கலந்து பேசியே ஆகவேண்டும். கெமிக்கல் ஆலையில் இருப்பவர்களுக்கு இது தினசரி விஷயம். எண்ணெய் விகிதத்தை 18-லிருந்து 17-க்கு மாற்றிப் பார்த்தால் ஒரு ஜாடிப் பொடிதான் நஷ்டம். உலர்த்தும் அடுப்பின் காற்றுப்போக்கைக் குறைத்துப் பார்ப்பது அந்த வகை இல்லை.

நிறுவனத்தின் தலையெழுத்து மாறியது 1969 அக்டோபரில். பாப் கோர் அதற்குள் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் வாங்கி நிறுவனத்துக்கு வந்திருந்தார். குழாய் மரை டேப்பில் பிடிஎஃப்இ-யின் அளவைக் குறைக்க வேண்டும். பொருளை இழுத்துக் காற்றைச் சேர்க்க முடிந்தால் செலவு குறையும். சூடாக்கிய பிடிஎஃப்இ கம்பிகளை மெதுவாக, ஜாக்கிரதையாக இழுத்தார். 10 சதவீதம் நீள்வதற்குள் அறுந்தது. சூட்டை மாற்றினாலும் அறுந்தது. கடைசியில் எரிச்சலில் ஒரு கம்பியை வெடுக்கென்று இழுத்தார். அது அறுபடாமல் இரண்டு கையும் விரியும் அளவுக்கு நீண்டது. சுமார் 800 சதவீதம். தடிமன் பெரிதாகக் குறையவில்லை. உள்ளே காற்று புகுந்திருந்தது.

மெதுவாக இழுத்தால் நீளும், வேகமாக இழுத்தால் அறும் என்பதுதான் நம் கைப்பழக்கம் சொல்வது. இங்கே நேர் எதிர். பேஸ்ட் எக்ஸ்ட்ரூஷனில் துகள்களுக்கு நடுவே ஏற்கெனவே சில இழைகள் ஓடியிருக்கும். மெதுவாக இழுக்கும்போது பலவீனமான ஏதோ ஒரு இடம் மட்டும் நெகிழ்ந்து, சுமை முழுவதும் அங்கே குவிந்து அறுகிறது. வேகமாக இழுக்கும்போது கம்பி முழுக்க உள்ள துகள்களிலிருந்து ஒரே நேரத்தில் இழை பிரிகிறது. நுண்ணோக்கியில் பார்த்தால் முடிச்சுகளும் அவற்றை இணைக்கும் நுண்ணிழைகளுமாக ஒரு வலை தெரியும். 1976-ல் கிடைத்த 3,953,566 எண் அமெரிக்கக் காப்புரிமை இதை எண்ணில் சொல்கிறது: வெப்பநிலை 35-க்கும் 327-க்கும் இடையே, இழுக்கும் வேகம் விநாடிக்கு 10 சதவீதத்துக்கு மேல். 10 சென்டிமீட்டர் கம்பி என்றால் விநாடிக்கு 1 சென்டிமீட்டர். அது தாழ்ந்த எல்லைதான். பாப்பின் கை இழுத்த வேகம் அதைப்போல எத்தனையோ மடங்கு.

செய்துபார்க்க வேண்டியவர்களுக்கு மூன்று விஷயம் முக்கியம். முதலாவது, பொருள் சின்டரிங் ஆகாததாக இருக்கவேண்டும். பாலிமரைசேஷனில் வந்த உயர் படிகத்தன்மை போய்விட்டால் இழை பிரியாது. அடுத்து, எண்ணெய் முழுக்க ஆவியாகியிருக்கவேண்டும். கடைசியாக, இழுத்ததை இரு முனையிலும் பிடித்தபடியே 327 டிகிரிக்கு மேல் கொஞ்ச நேரம் காட்டி உறையவைக்க வேண்டும். பிடியை விட்டால் சுருங்கிவிடும், அதிக நேரம் காட்டினால் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டித் துளைகள் ஏறுமாறாகும். இதே பட்டையை முதலில் நீளவாக்கில் இழுத்து, பிறகு டெக்ஸ்டைல்காரர்கள் ஸ்டென்டர் என்று சொல்லும் கிளிப் இயந்திரத்தில் அகலவாக்கிலும் இழுத்தால் மெல்லிய சவ்வு கிடைக்கும்.

காப்புரிமை சண்டையில்லாமல் நிற்கவில்லை. நியூசிலாந்தின் ஜான் கிராப்பர் 1960-களிலேயே இழுத்த பிடிஎஃப்இ டேப் செய்யும் இயந்திரத்தை உருவாக்கி, செய்முறையை ரகசியமாக வைத்திருந்தார். கார்லாக் நிறுவனத்துடனான வழக்கில் கீழ்நீதிமன்றம் கோரின் காப்புரிமை செல்லாது என்றது. 1983-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அதில் பெரும்பகுதியைத் திருப்பியது. இன்னொருவர் ரகசியமாகப் பயன்படுத்தியது, அந்தச் செய்முறையைப் பொதுவெளியில் சொன்னவரின் உரிமையைக் கெடுக்காது என்பது அதன் சாரம். ப்ராசஸை ரகசியமாக வைப்பதா, காப்புரிமை எடுப்பதா என்று யோசிக்கும் நிறுவனர் கட்டாயம் படிக்கவேண்டிய தீர்ப்பு இது.

இந்தச் சவ்வை ஒட்டிச் செய்த, மழைநீர் புகாத கோர்டெக்ஸ் துணி 1976-ல் சந்தைக்கு வந்தது. சவ்வின் துளை அரை மைக்ரான் என்று வைத்துக் கணக்குப் போட்டால், தண்ணீரின் பரப்பு இழுவிசையும் பிடிஎஃப்இ மேல் அது நிற்கும் கோணமும் (துளியின் விளிம்பு பரப்பைத் தொடும் கோணம்) சேர்ந்து, ஏறத்தாழ 20 மீட்டர் நீர் உயர அழுத்தத்தைத் தாங்கவேண்டும். நீராவி மட்டும் தாராளமாகப் போகும். ஆனால் அணிந்து பார்த்தவர்கள் சில மாதத்தில் ஒழுகுகிறது என்றார்கள். வியர்வையோடு வரும் எண்ணெய்ப் பசையும் சோப்பு மிச்சமும் துளைச் சுவரில் படிந்தால் தண்ணீர் நிற்கும் கோணம் 90-க்குக் கீழே வந்துவிடும். அதோடு அந்த 20 மீட்டர் பூஜ்யம் ஆகிவிடும். சவ்வு தண்ணீரைத் தானே உறிஞ்சும். தீர்வு, சவ்வின் உள்பக்கம் நீரை ஈர்க்கும் பாலியூரித்தேன் படலம் ஒன்றைத் துளையில்லாமல் பூசுவது. நீராவி அதில் கரைந்து ஊடுருவி வெளியேறும், எண்ணெய் போகாது. ஆவி போகும் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்யும். அந்த விலையைக் கொடுத்தார்கள். 1980-ல் கிடைத்த 4,194,041 எண் காப்புரிமை இதைப் பற்றியது. தையலும் தனிச் சிக்கல்தான்: அதே கணக்கில் 1 மில்லிமீட்டர் ஊசித் துளை தாங்குவது 1 சென்டிமீட்டர் தண்ணீரை. அதனால் ஒவ்வொரு தையல் மேலும் சூட்டில் ஒட்டும் டேப் போடவேண்டியதாயிற்று.

ரத்தக்குழாய் மாற்றுக் குழலும் இதே மாதிரி வந்ததுதான். 1970-களின் தொடக்கத்தில் பனிச்சறுக்குக்குப் போன இடத்தில் பில் தன்னிடம் இருந்த சின்னக் குழலை டென்வர் அறுவை மருத்துவர் பென் ஐஸ்மனிடம் காட்டினார்; அவர் அதைப் பன்றியிடம் பொருத்திப் பார்த்தார், வேலை செய்தது. ஆனால் மனிதர்களுக்கு வைத்த ஆரம்பக் குழல்கள் சிலவற்றில் சுவர் ரத்த அழுத்தத்தில் உப்பியது. நீளவாக்கில் இழுத்த குழலில் இழைகளும் நீளவாக்கில்தான் ஓடும். சுற்றுவாக்கில் வலு குறைவு. வெளியே மெல்லிய பிடிஎஃப்இ படலத்தைச் சுற்றி வலுவூட்டினார்கள். கேபிளுக்குச் செய்த அதே டேப் சுற்றல்.

பில் 1976-ல் தலைவர் பொறுப்பைப் பாப்பிடம் கொடுத்தார். 1986-ல் வயோமிங்கின் விண்ட் ரிவர் மலைத்தொடரில் நடைப்பயணத்தின்போது இறந்தார். பாப் 2020-ல் காலமானார். மெல்லிய பிடிஎஃப்இ பொடி செய்யும் எமல்ஷன் பாலிமரைசேஷனில் பல பத்தாண்டுகள் பயன்பட்ட ஃபுளூரின் சோப்புகள் நீரிலும் உடம்பிலும் அழியாமல் தங்குகின்றன என்பது தெரியவந்த பிறகு, அந்தக் குடும்பத்துச் சேர்மங்கள் அனைத்தின் மேலும் கேள்வி எழுந்துவிட்டது. 2022-ல் கோர், இழுத்து விரித்த பாலிஎத்திலீன் சவ்வை உடைகளுக்குக் கொண்டுவந்தது. இழுத்துத் துளை உண்டாக்கும் யோசனை அங்கேயும் தொடர்கிறது. ஆனால் பாலிஎத்திலீன் 130 டிகிரி வாக்கிலேயே உருகும், தண்ணீர் அதன் மேல் நிற்கும் கோணமும் பிடிஎஃப்இ-யைவிடக் குறைவு. அதனால் அடுப்புச் சூடு, துளை அளவு, மேல்பூச்சு என்று எல்லாவற்றுக்கும் கணக்கைப் புதிதாகப் போடவேண்டியிருக்கிறது.